நடந்து வந்த நிலம்

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சேவித்த கையோடு வெளியே வந்துவிடுகிறவர்களே அதிகம். சந்நிதியைச் சுற்றி ஓடும் மண்டபத்தில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் நெடுக இரண்டு வரிசையாகப் பல்லவர் வரலாறு செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதியை நான் நிலக்காட்சி என்றுதான் சொல்வேன். பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின், அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் தொலைவிலிருந்த பல்லவ உறவினன் இரணியவர்மனிடம் போய் நாட்டுக்கு ஓர் அரசனைக் கேட்கிறார்கள். அவனுடைய மூத்த மகன்கள் மூவரும் மறுத்துவிட, பன்னிரண்டு வயது இளைய மகன் பல்லவமல்லன் புறப்படுகிறான். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து, கி.பி. 731 வாக்கில் நந்திவர்மனாக முடிசூடுகிறான். சிற்பங்களோடு உள்ள கல்வெட்டே இதைச் சொல்கிறது. எங்கிருந்து வந்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. கடல் கடந்த தேசம் என்பவர்களும் உண்டு.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் நிலக்காட்சி நமக்குப் பிந்தி வந்த சரக்கு. நிலத்தைப் பார்க்கும் முறை அப்படியல்ல. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை, பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. பொழுது இல்லாத நிலம் திணையாகாது. பாலைக்கு அது தனி நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலையின் உரிப்பொருளோ பிரிவு. ஊரைவிட்டுப் போகிறவனுக்கு எது நிலம் என்ற கேள்விக்குத் தமிழில் எப்போதோ விடை எழுதியாகிவிட்டது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னாட்டில் சுற்றி வரைந்த படங்கள் கொஞ்சம் வெறுமையாகவே தெரிகின்றன. பாபநாசம் அருவியும் மாமல்லபுரத்துப் பாறைகளும் நேர்த்திதான். ஆனால் அங்கே மனிதர் அளவு காட்ட வைத்த பொம்மைகள். பொழுது உண்டு, பிரிவு இல்லை.

காஞ்சியின் சொந்த ஓவியங்களோ மிச்சம் மீதிதான். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் சுற்றில் 58 சிற்றாலயங்கள். அவற்றில் பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த ழூவோ துப்ராய். குனிந்து பார்த்தால் ஒரு காவிக் கோடு, அரை முகம், மஞ்சள் திட்டு. சோமாஸ்கந்தரை நம் மனசுதான் முடித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றுக்கு அண்மையில், திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலில் 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. அண்ணாந்து பார்த்தபடி நடந்தால்தான் கதை நகரும். கழுத்து வலிக்கும்.

மன்னர்களின் கணக்குக்கும் முந்தைய காலம் ஒன்று இந்த மண்ணில் கிடக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கம் என்ற கற்காலக் களத்தையும் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் 15 லட்சம் ஆண்டு வரை பழையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது. கார் தொழிற்சாலைகளால் இன்று பேர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் படிவுப் பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய இலைகளின் அச்சு பதிந்திருக்கிறது. ஒரு செடி தன் நிழலைத் தானே வரைந்து வைத்த மாதிரி. நம் ஓவியர்கள் இதைப் போதுமான அளவு தொடவில்லை என்பது என் குறை.

நவீன ஓவியம் அந்தப் பக்கம் போகாமல் நினைவின் பக்கம் போயிற்று. கேரளத்து நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் வரைந்து தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963க்குப் பிறகு சொற்களும் குறியீடுகளும் நிறைந்த திரைகளுக்குப் போனார். 1966இல் அவர் முன்னின்று சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைக் கிராமம் எழுந்தது. நிளா ஆற்றங்கரைக் கூடல்லூரிலிருந்து சென்னைக்கு வந்து 2022இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர், உருவத்தையே விட்டுவிட்டு நிறத்தில் மட்டும் நின்றார். அந்தப் பச்சையும் சிவப்பும் ஆற்றங்கரையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க முடியாது.

என்னை அதிகம் உலுக்கியது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் வேலை. டச்சுக்காரர் வைத்திருந்த நிலப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அதை மனத்தில் வைத்து, இலங்கைப் போரில் வீடிழந்தவர்களிடம் அவரவர் வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். கிணறு இங்கே, மாமரம் இங்கே என்று அவர்கள் போட்ட கோடுகள், கட்டடக்கலைஞர் பாணியில் திருத்திய வரைபடம், அவருடைய சொந்தச் சித்திரம் மூன்றும் சேர்ந்து 2011இல் ‘முழுமையுறாத் தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு நூலாயின. பாலைத் திணைக்கு நம் காலத்தில் இதைவிட நேர்மையான ஓவியம் நான் பார்த்ததில்லை.

காஞ்சிக்கே திரும்பினால், வந்தவர்களால் ஆன ஊர் இது. நெசவாளர் வீடுகள் சிலவற்றில் தெலுங்கோ கன்னடமோ பேச்சு. பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. தறியில் கோர்வை போடும்போது மூன்று நாடாக்கள் ஓடும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகவே இருந்து இழையால் பூட்டிக்கொள்ளும். அரசனையே வெளியிலிருந்து அழைத்து வந்த ஊருக்கு இது புதிதல்ல.

வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களை வரலாற்றாய்வாளர் சி. மீனாட்சி விரிவாக ஆராய்ந்தார். அவர் மறைவுக்குப் பின் 1941இல் அந்த ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. போகிறவர்கள் முடிந்தால் அதைப் புரட்டிவிட்டுப் போங்கள். சுவரை மட்டும் விரலால் தொடாதீர்கள்: மணற்கல், உதிர்கிறது.