பசியில் கத்திய பம்ப்

மாம்பலத்தில் எங்கள் தெரு ஒரு கார் போகும் அகலம்தான். எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டால் முனை வரை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். போன மாதம் ஒரு காலை அப்படி எடுக்கும்போது ஸ்டியரிங் கைகொடுப்பதை நிறுத்திக்கொண்டது. திரும்பத்தான் செய்தது, ஆனால் எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. கூடவே பானெட்டுக்குள்ளிருந்து ‘கொய்ங்’ என்று ஒரு முனகல். லாரி டிரைவர் ஹாரனில் கை வைத்தபடி வேடிக்கை பார்த்தார். முனைக்கு வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

வண்டி 2005-ஆம் ஆண்டு டீசல். 2,30,000 கிலோமீட்டர் ஓடியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. பெல்ட்டில் சுற்றும் பம்ப், டப்பாவில் ஆயில், சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஓஸ் என்ற பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் ஏற்பாடு எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ லாரிகளோடு வேலை பார்த்த பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே இதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கான காரில் அது வந்தது 1951-இல், கிறைஸ்லர் இம்பீரியலில். அடிப்படை இன்றைக்கும் அதிகம் மாறவில்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “ரேக் போச்சு சார். புதுசு போட்டு, கூலியோட 32,000 ஆகும்.” அடியில் எட்டிப் பார்த்தேன். ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் பூட் உலர்ந்து கிடந்தது. ரேக்கின் சீல் போயிருந்தால் ஆயில் முதலில் அந்தப் பூட்டுக்குள்தான் தேங்கும். அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நானே சோதித்துப் பார்த்தேன். கைக்கு முன்பே காது சொல்லிவிடும் விஷயம் இது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘க்ரீச்’ என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. திருப்பத் திருப்ப ‘கொய்ங்’ என்று முனகல் ஏறினால் பம்புக்குள் ஆயிலோடு காற்றும் போகிறது. என்னுடையது இரண்டாவது ரகம். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன்; இறுக்கமாக இருந்தது, வெடிப்பும் இல்லை.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுத் திருப்பினேன். சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுவழுப்பாகப் போனது. ஆக பால் ஜாயின்ட், ஸ்டியரிங் காலம் ஜாயின்ட் எல்லாம் சரி. சக்கரத்தை இறக்கி இன்ஜினை ஓடவிட்டேன். ஐடிலில் கல். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இளகியது. அதுவும் இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் ரேக்கின் வால்வைச் சந்தேகப்படலாம். இரண்டு பக்கமும் கனத்து, வேகம் ஏற ஏறக் குறைந்தால் கோளாறு ரேக்குக்கு முன்னால், பம்ப் பக்கம். 32,000 ரூபாய் அங்கேயே மிச்சம்.

டப்பாவின் மூடியைத் திறந்தால் இன்னொரு சாட்சி. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் அடிப்பிடித்த டிகாக்‌ஷன் நிறத்தில், மேலே நுரை கட்டி நின்றது. இன்ஜினை அணைத்ததும் மட்டம் மெல்ல மேலே ஏறியது. ஆயில் எங்கிருந்தும் கூடவில்லை; அழுத்தத்தில் ஒடுங்கியிருந்த காற்று விரிகிறது, அவ்வளவுதான். சிஸ்டத்துக்குள் காற்று இருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

சரி, ஆயில் சொட்டவில்லையே, காற்று எந்த வழியாகப் போகிறது? புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாகப் பம்பும் ஸ்டியரிங் பாக்ஸும்தான் அவருக்குப் பிழைப்பு. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரண்டு விநாடி தலையைச் சாய்த்துக் கேட்டார். “ரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். பம்ப் பசியில கத்துது.”

டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஓஸ் சேரும் இடத்தில் விரலால் கொஞ்சம் கிரீஸை அப்பினார். முனகல் பாதியாகக் குறைந்தது. அது பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற பக்கம். அங்கே ரப்பர் கெட்டுப்போனால் ஆயில் வெளியே கசிவதற்குப் பதில் காற்றுதான் உள்ளே இழுபடும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. கசிவைத் தேடிக் கீழே குனிகிற மெக்கானிக்குகள் ஏமாறுவதும் இங்கேதான். கழற்றியபோது உள்ளிருந்த ஓ-ரிங் வட்டமாகவே இல்லை. சதுரமாக நசுங்கி, நகம் பட்டதும் பிளாஸ்டிக் மாதிரி ஒடிந்தது. ஓஸின் முனையும் இறுகி விறைத்திருந்தது.

பசிக்கு இன்னொரு காரணம் டப்பாவின் அடியில் இருந்தது. அங்கே சல்லடை மாதிரி ஒரு மெல்லிய வலை உண்டு. பாய் டப்பாவை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வலையின் முக்கால் பங்கு தெரியவே இல்லை. கறுப்புப் பிசின் பூசியிருந்தது. விரலில் தொட்டால் மை. பழைய ஓஸின் உட்புற ரப்பர் கரைந்து வந்து படிந்தது. 19 வருஷத்தில் யாரும் அதைக் கழுவியதில்லை, நானும் சேர்த்து. சில வண்டிகளில் இந்த வலையைத் தனியாக எடுக்க முடியாது. டப்பாவையே மாற்ற வேண்டும். எனக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதுமாக இருந்தது. பிறகு காற்றடித்து முழுக்கக் காயவைத்தோம்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எந்த ஆயில் என்று பெரும்பாலும் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். என் வண்டிக்கு டெக்ஸ்ரான் ரக ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உள்ளே இருக்கும் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ரேக் உண்மையிலேயே போவது அப்போதுதான்.

புது ஆயில் ஊற்றியதும் சாவியைத் திருப்பக் கூடாது. முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜின் ஓடாமல், ஸ்டியரிங்கை இருபது தடவை கோடிக்குக் கோடி திருப்பினேன். டப்பாவில் குமிழி வந்துகொண்டே இருந்தது. மட்டம் இறங்க இறங்கப் பாய் ஊற்றினார். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். இந்தக் கால் மணி நேரப் பொறுமை இல்லாமல் அவசரப்பட்டால் புது ஆயிலும் நுரைத்துப் போகும், பம்பே கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

சந்தேகம் மிச்சம் வைக்க வேண்டாம் என்று பாய் பிரஷர் கேஜையும் மாட்டினார். பம்புக்கும் ரேக்குக்கும் நடுவே வைத்து, அதன் வால்வை ஐந்து விநாடிக்குள் மூடித் திறக்க வேண்டும். அதற்கு மேல் மூடி வைத்தால் பம்பே வெந்துவிடும். வால்வை மூடியபோது அழுத்தம் நன்றாக ஏறினால் பம்ப் நலம்; அப்போதும் ஸ்டியரிங் கனத்தால் கோளாறு ரேக்கில். ஏறவில்லை என்றால் பம்ப்தான் குற்றவாளி. என் வண்டியில் முள் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டி நின்றது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம் பிஎஸ்ஐ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இன்ஜின் ஓடும்போது பிரஷர் ஓஸில் கசிவை விரலால் தேடக் கூடாது. ஊசி மாதிரிப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

புது வண்டிகளில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. 1988-இல் சுசுகி செர்வோவில் வந்த மின்சார ஸ்டியரிங்தான் இன்று சின்ன கார்களில் எங்கும். ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, திருப்பும்போது மட்டும் மோட்டார் வேலை செய்வதால் எரிபொருளும் மிச்சம். மைத்துனரின் காரில் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது பேட்டரியை மாற்றியதும் அணைந்துவிட்டது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியும் எர்த் ஒயரும்தான். ஆனால் உள்ளே சென்சார் போய்விட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. பழுது பார்க்கிற சுகத்துக்கு என் ஓட்டு பழைய ஹைட்ராலிக்குக்கே.

ஓ-ரிங், ஒன்றரை அடி ஓஸ், இரண்டு கிளிப், ஒரு லிட்டர் ஆயில், பாயின் கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். ஒரு மாதம் ஆகிறது. முனகல் இல்லை, மட்டம் இறங்கவில்லை. ஐடிலில் மட்டும் புது வண்டி அளவு லேசாக இல்லை. பம்பின் உள் தகடுகள் தேய்ந்திருக்கலாம் என்கிறார் பாய். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டுவதாக உத்தேசம்.

பெல்ட், ஆயில், டப்பா, உறிஞ்சும் ஓஸ் வரை நீங்களே பார்க்கலாம். பிரஷர் ஓஸையும் ரேக்கையும் தெரிந்தவரிடம் விடுங்கள். உங்கள் வண்டிக்கு யாராவது ரேக் மாற்றச் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் பிரஷர் கேஜ் வைத்து முள்ளைக் காட்டச் சொல்லுங்கள்.