செய்முறையில் இல்லாத கை

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். வீடு துடைக்கும் பயோ என்சைமுக்கான செய்முறைகள் எல்லாவற்றையும் அளந்து சொல்கின்றன. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றப்போவது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒரு நாள் மறந்தாலும் பாட்டில் உப்பிவிடும். எங்கள் வீட்டில் மறக்கக்கூடாதவள் நான்.

புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் விளக்கிய அம்மாவின் விரல் வெடிப்புகளும் இயற்கையானவைதாம். ரசாயனத்துக்காக நான் வாதாடவில்லை. ஆனால் சூழலைக் காக்கும் பொறுப்பு அடுக்களைக்கு வரும்போது பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. ‘இயற்கை’ என்ற முத்திரை அவள் உழைப்பின்மீதும் விழுகிறது. இயற்கையாக வருவதற்குக் கூலி எதற்கு, கணக்கு எதற்கு?

இம்முறை பாட்டிலில் ஒட்டிய சீட்டில், தேதிக்குக் கீழே வீட்டிலுள்ள மூவரின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.