வீட்டில் வார்க்கும் காரீயக் குண்டுகள்: ஒரு திறனாய்வு

குழலின் வாய்வழியே முதலில் கருமருந்தையும் அதன்மேல் குண்டையும் இட்டு, நீண்ட கோலால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கிகள் போர்க்களங்களிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆகியும், அமெரிக்காவில் அவை குறிபார்க்கும் விளையாட்டிலும் வேட்டையிலும் நிலைத்திருக்கின்றன. அவற்றுக்கென 1933-இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கம் இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரைத் தன் போட்டிக்களமாகக் கொண்டுள்ளது. இத்துறையில் ஈடுபட்டோரில் பலர் கடைக் குண்டுகளை நாடாமல், காரீயத்தைத் தாங்களே உருக்கி வார்த்துக்கொள்கின்றனர். சிக்கனம், பிறரைச் சாராமை, ஒரே சீரான குண்டு என இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் மூன்றாவதே பெருமையுடன் பேசப்படுவது, அதுவே ஐயத்துக்கும் உரியது.

வீட்டு வார்ப்பின் பழமை ஐயத்துக்கு இடமற்றது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மக்கள் வீழ்த்திய மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காரீயச் சிலை, கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வூர்ப் பெண்களாலும் சிறாராலும் குண்டுகளாக வார்க்கப்பட்டது. 42,088 என்று அவற்றின் எண்ணிக்கையும் குறித்துவைக்கப்பட்டுள்ளது. ஆனால் அக்காலப் படைத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு அதனுள் தளர்வாக உருண்டு இறங்குவதே விரைவாகக் கெட்டிக்க உதவியதால், சிறிய ஏற்றத்தாழ்வு எவருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. உட்புறத்தில் திருகுவரிப் பள்ளங்கள் கொண்ட குழலிலிருந்து துல்லியத்தை எதிர்பார்க்கும் இன்றைய ஆர்வலர், அன்றைய அடுக்களை முறையிடம் அது என்றுமே வாக்களிக்காத ஒன்றைக் கேட்கிறார்.

பொருளிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயத்தையும் நச்சுத்தன்மை கொண்ட காரீயத்தையும் குறிப்பதால், இங்கே பேசப்படுவது பின்னதே என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 327 பாகை செல்சியசில் உருகும் தூய காரீயம் மிக மென்மையானது. உருண்டைக் குண்டைப் பொதிந்து குழலுக்குள் செல்லும் சுற்றுத்துணி அதை இறுகப் பற்றுவதற்கும், 1849-இல் மினியே வடிவமைத்த குழிவடிக் குண்டின் அடிப்பகுதி வெடிப்பழுத்தத்தில் விரிந்து பள்ளங்களைக் கவ்வுவதற்கும் அந்த மென்மையே துணை. பழைய வாகனச் சக்கரங்களின் சமன்கட்டிகளை உருக்கினால் அவற்றிலுள்ள ஆன்டிமனி குண்டைக் கடினமாக்குகிறது. ஒரே அச்சில் வார்த்தாலும் அது சற்றுப் பருத்தும் எடை குறைந்தும் வெளிவருகிறது. ஆகவே, கையில் கிடைத்த பழைய ஈயத்தையெல்லாம் ஒரே சட்டியில் போடும் சிக்கனமும் சீர்மையும் ஒன்றாகக் குடியிருப்பதில்லை.

வார்க்கும் செயலில் கைப்பழக்கத்தின் பங்கு பெரிது. அச்சு ஆறியிருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் மேற்பரப்பு பனி படிந்ததுபோல் மங்குகிறது. ஊற்றுவது, காத்திருப்பது, ஊற்றுவாயின் மேல் தகட்டைத் தட்டித் திருப்பி மிச்சத்தை வெட்டுவது, குண்டை உதிர்ப்பது என்னும் சுற்று ஒரே தாளத்தில் ஓடும்வரை அச்சின் வெப்பம் நிலையாக இருக்கும். இடையில் தேநீர் குடிக்க எழுந்தவர் திரும்பி வந்து வார்க்கும் முதற்சில குண்டுகள் மீண்டும் சட்டிக்கே போகும். இந்த ஒழுங்கைக் கற்றுத் தருவது இப்பழக்கத்தின் உண்மையான நன்மை எனலாம்.

அதன்பின் வருவது தராசு. 0.490 அங்குல விட்டமுள்ள தூய காரீய உருண்டை சுமார் 177 கிரெயின் எடை கொண்டது. கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒரு குண்டு ஒரு கிரெயின் குறைந்தால், அதனுள் 2.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள காற்றுக்குமிழி ஒளிந்திருக்கலாம். அல்லது குண்டின் விட்டமே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம். இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதைத் தராசு பிரித்துச் சொல்லாது. குமிழி நடுவில் உள்ளதா, குண்டின் நிறைமையத்தை விலக்கும்படி ஓரத்தில் உள்ளதா என்பதையும் காட்டாது. பெருங்குறையுள்ள குண்டைக் கழிப்பதற்கு எடையிடல் பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரை கிரெயினுக்கு ஒரு பெட்டி என்று தரம் பிரித்து அடுக்கும் வழக்கம், சுற்றுத்துணியின் தடிப்பும் மருந்தின் அளவும் காற்றின் போக்கும் செய்யும் வேறுபாடுகளின் முன்னே, இலக்கைவிடச் சுடுபவர் மனத்தையே அதிகம் அமைதிப்படுத்துகிறது.

ஆலைக் குண்டுகள் பெரும்பாலும் குளிர்ந்த காரீயக் கம்பியை அச்சில் அழுத்திச் செய்யப்படுபவை. அவற்றில் ஊற்றுவாய்த் தழும்பு இல்லை, உட்குமிழி விழவும் வழியில்லை. எனவே சீர்மை என்னும் வாதத்தில் வீட்டு வார்ப்பு தோற்றுவிடுகிறது. பொருத்தம் என்னும் வாதத்தில்தான் அது வெல்கிறது: கையால் செய்த குழல்களும் தேய்ந்த பழங்குழல்களும் கடையின் அளவுகளுக்குள் அடங்குவதில்லை, தன் குழலின் உள்விட்டத்துக்கு ஏற்ற அச்சைத் தேடி வாங்கியவர், எந்தக் கடையும் விற்காத குண்டைப் பெறுகிறார்.

இதற்குத் தரப்படும் விலையைத் தராசு காட்டாது. காரீயம் 1,749 பாகையில்தான் கொதிக்கும் என்பதால் வார்ப்பு வெப்பத்தில் எழும் ஆவி குறைவே. ஆனால் மேலே மிதக்கும் சாம்பல்நிறக் கசடு தூளாகி விரலிலும் சட்டையிலும் ஒட்டி உணவு மேசைவரை வந்துவிடும். குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்கத்தக்கது என அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் தன் அளவுகோலைத் தாழ்த்தியது. உருகிய உலோகத்துக்குள் ஈரம் புகுந்தால் அது நொடியில் நீராவியாகிச் சட்டியையே சிதறடிக்கும். வேட்டையில் சிதறும் காரீயத் துணுக்குகள் பிணந்தின்னும் கான்டார் பறவைகளைக் கொல்வதை ஒரு காரணமாகக் காட்டி, கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டுகளை முற்றிலும் விலக்கிவிட்டது. பொருந்தாத பழங்குழலை வைத்திருப்பவர், காற்றோட்டமான திறந்த கொட்டகையில், தனி உடையுடன் உலையை மூட்டுவதற்கு நியாயம் உண்டு. கடைக் குண்டே பொருந்தும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, குழந்தை தவழும் வீட்டின் அடுப்பில் காரீயச் சட்டியை ஏற்றுவதற்கு அந்த ஒரு கிரெயின் போதிய காரணம் அன்று.