சொல் முன்னே, மெட்டு பின்னே: நாஞ்சில் நாடும் திரையிசையும்

திரைக்கு இசையமைப்பவர் காலையில் தாலாட்டுக்கு மெட்டுப் போடுவார், மாலையில் சண்டைக் காட்சிக்கு முரசு சேர்ப்பார். இடையில் தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு தலைப்புப் பாடலும், விளம்பரத்துக்கு அரை நிமிட இசையும் கேட்டு ஆள் வந்து நிற்கும். இப்போது கைப்பேசி விளையாட்டுகளும் சேர்ந்துகொண்டன. இப்படிப் பல வகையிலும் கை வைப்பவரைச் சபைக் கச்சேரிக்காரர்களுக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. எல்லாவற்றையும் தொடுகிறவருக்கு எதிலும் ஆழம் இருக்காது என்பது அதன் உள்ளர்த்தம். நாஞ்சில் நாட்டின் இசையை ஊர் ஊராகக் கேட்டவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். இங்கே இசை தனியே நின்று தன்னைக் காட்டிக்கொண்டதைவிட ஒரு கதைக்கோ, சடங்குக்கோ, நிழலுக்கோ துணை நின்றதுதான் அதிகம். இடம் மாறினால் வகை மாறும். இடமறிந்து மாறத் தெரிந்தவரையே கெட்டிக்காரர் என்றார்கள்.

அதை முதலில் கற்றுக்கொடுத்த பள்ளி வில்லுப்பாட்டு. குடத்தின் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டி, தலைமைப் பாடகரான அண்ணாவி இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி நாணில் தட்டுவார். வில்லில் தொங்கும் மணிகள் குலுங்கும். குடக்காரர் கமுகம்பாளைப் பத்தியால் குடத்தின் வாயை அடைத்துத் திறந்து அடிப்பார். உடுக்கு, தாளம், கட்டை, இடப்பக்கத்தில் பின்பாட்டு. இவ்வளவுதான் வாத்தியக் குழு. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்று பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. ஆனால் அம்மன் கோவில் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் அந்த வரிசையை நடத்துவது அண்ணாவி மட்டும் அல்ல. சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில் முதல் நடுக்கம் தெரிந்ததும் அண்ணாவியின் கண் கதையை விட்டு அவர்மேல் போய்விடும். அந்த நொடியில் குடத்தின் அடி நெருங்கும், உடுக்கு மேலேறும், கதைப்பாட்டு வரத்துப் பாட்டாக மாறும். சாமி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை ஒரே அடியை அலுக்காமல் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு மாற்றம் வேண்டும். சாமி மலையேறியதும், விட்ட வரியிலிருந்து கதையைத் தொடர வேண்டும். கணினி விளையாட்டுக்கு இசை எழுதுபவருக்கும் சிக்கல் இதேதான். ஆடுபவர் அடுத்த கட்டத்துக்கு எப்போது நகர்வார் என்று தெரியாது. எனவே அவர் இசையை அடுக்கடுக்காகச் செய்துவைத்து, ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப ஒவ்வோர் அடுக்கையும் ஏற்றியும் இறக்கியும் விடுகிறார். அண்ணாவி இதைக் கண்ணாலும் கையாலுமே செய்துவந்தார்.

அடுத்தது தோல்பாவைக் கூத்து. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இதைத் தமிழில் நடத்திவந்தன. வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆர்மோனியம், மிருதங்கம். இராமனும் இராவணனும், கோமாளிகளான உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் ஒருவர் தொண்டையிலிருந்தே பேசுவார்கள். பாத்திரம் மாறும்போது குரலோடு இசையின் நடையும் மாறும். ஊருக்குச் சினிமா வருவதற்கு முன்பே, திரையைப் பார்த்துக்கொண்டே பின்னணி இசை கேட்கும் பழக்கம் இப்படி ஏற்பட்டுவிட்டது.

தேவாலயங்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1806 இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு, நாளடைவில் ஒரே ஆராதனையில் இராகத்தில் அமைந்த கீர்த்தனையும் நான்கு குரல்களில் பிரியும் ஐரோப்பிய ஞானப்பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரத் தொடங்கின. ஆர்மோனியம், ஆர்கன், இரட்சணிய சேனையின் பேண்டு எல்லாம் பிறகு வந்தன. நோட்டைப் பார்த்துப் பாடவும் வாசிக்கவும் தெரிந்த பிள்ளைகள் உருவானார்கள். தென்மாவட்டத் தேவாலயங்களில் கிடைத்த இந்தப் பயிற்சி பிற்காலத் திரையிசைக்கு எவ்வளவு உதவியது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

கோவில் மரபுக்கு வருவோம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். அங்கே ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள், நாளுக்கு ஒரு இராகமாக, சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடிகின்றன. வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் பஜனையைத் திருவனந்தபுரத்தில் கேட்டு மனம் தோய்ந்த ஒருவர்தான் பின்னாளில் பாபநாசம் சிவன். சிவகவி, அசோக்குமார் போன்ற தியாகராஜ பாகவதர் படங்களின் பாட்டுகள் அவர் கையிலிருந்து வந்தவை. தமிழ்த் திரைப்பாட்டின் முதல் ஊற்றுகளில் ஒன்று நம் வடிவீஸ்வரத்துத் தெருவைத் தொட்டுச் செல்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இத்தனை மரபும் ஒருவரிடம் கூடிவந்தது என்றால் அவர் கிருஷ்ணன்கோவில் வெங்கடாசலம் மகாதேவன். நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் 1918 இல் பிறந்தவர். பூதப்பாண்டி அருணாசலக் கவிராயரிடம் பாட்டுக் கற்று, சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, 1942 இல் மனோன்மணி படத்தின் வழியாகத் திரையிசைக்குள் நுழைந்தார். உலகம் அவரைத் திரையிசைத் திலகம் என்றது, படவுலகம் மாமா என்றது. தமிழிலும் தெலுங்கிலும் நூற்றுக்கணக்கான படங்கள். இந்த நெடும் பயணத்தின் பெரும்பகுதியில் உதவியாளர் புகழேந்தி அவருக்கு வலக்கையாக உடனிருந்தார்.

அவர் வழி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம். பாட்டு எழுதி வர வேண்டும், அதற்குத்தான் அவர் மெட்டுப் போடுவார். மெட்டை முதலில் கொடுத்து அதன் அளவுக்குச் சொற்களை நறுக்கிப் பொருத்தும் முறை அவர் காலத்திலேயே வலுத்துவிட்டது. அதிலும் அருமையான பாட்டுகள் பிறந்திருக்கின்றன. மகாதேவனோ பெரும்பாலும் எழுத்துக்கே முதலிடம் கொடுத்தார். வில்லடியில் கதை முந்தி, தாளம் பிந்தி என்பது போலத்தான் இதுவும்.

அவர் இசையில் 1958 இல் வந்த சம்பூர்ண இராமாயணத்தில் ஒரு காட்சி. இராவணனாக டி.கே.பகவதி, குரல் சி.எஸ்.ஜெயராமன். எந்த வேளைக்கு எந்த இராகம், எந்த உணர்ச்சிக்கு எது என்று இராவணன் பாடிக் காட்டுகிறான். விடியலுக்குப் பூபாளம், உச்சிவேளைக்குச் சாரங்கா, அந்திக்கு வசந்தா, இரக்கத்துக்கு நீலாம்பரி, மகிழ்ச்சிக்குத் தன்யாசி, போருக்குக் கம்பீர நாட்டை. கடைசியில் கயிலைநாதனையே இளக்கிய காம்போதி. ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். அதற்குள் அந்தந்த இராகத்தின் முகம் தெரிந்துவிடுகிறது. பின்னணி இசை கற்க வருபவருக்கு இதைவிடச் சுருக்கமான பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

ஏழு ஆண்டு கழித்துத் திருவிளையாடல். ஹேமநாத பாகவதர் பாண்டியன் அவையில் பாடும் பாட்டைக் கண்ணதாசன் இராகப் பெயர்கள் சொல்லுக்குள் ஒளிந்து வரும்படி எழுதினார். பெயர் வரும் இடத்தில் மெட்டு அந்த இராகத்துக்குத் திரும்புகிறது. பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. அந்த நெரிசலில்தான் பாகவதரின் செருக்கு இருக்கிறது. பிறகு இறைவன் விறகு விற்பவனாகத் தெருவில் வருகிறான். டி.எம்.சௌந்தரராஜனின் குரல், தலைச்சுமையோடு நடப்பவனின் நடை, சங்கதி என்று சொல்ல எதுவும் இல்லை. இரவில் அதே ஆள் திண்ணையில் அமர்ந்து கௌரிமனோகரியை எடுக்கும்போது பாட்டும் வீணையும் குழலும் மிருதங்கமும் அவனே ஆகிறான். அவைப் பாட்டு, தெருப் பாட்டு, தெய்வப் பாட்டு மூன்றையும் ஒரே மனிதர் ஒரே கதைக்குள் வைத்தார். தெருப் பாட்டில் அவர் தன் வித்தையைக் கொஞ்சம் காட்டியிருந்தாலும் பின்னால் வரும் கௌரிமனோகரி அடிபட்டுப் போயிருக்கும். பல வகை தெரிந்தவருக்கு மிகக் கடினமானது இந்த அடக்கம்தான். என் தராசில் முதல் எடைக்கல் இதுவே.

1967 ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருதை முதன்முதலாகப் பெற்றவர் மகாதேவன். படம் கந்தன் கருணை. மறு ஆண்டு தில்லானா மோகனாம்பாளில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைக் கதைநாயகனின் குரலாகவே ஆக்கினார். இதே கைதான் தேவர் பிலிம்ஸ் படங்களில் எம்.ஜி.ஆருக்குத் துள்ளலான மெட்டுகளைக் கொடுத்தது. அடிமைப்பெண்ணில் தான் பாடவைத்த புது இளைஞர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை, 1980 இல் வெளிவந்த சங்கராபரணத்தில் ஒரு மகா வித்வானின் குரலாக நிறுத்தினார். பாலசுப்ரமணியம் முறையாகக் கர்நாடக இசை பயின்றவர் அல்லர். எனினும் இருவருக்கும் அந்தப் படம் தேசிய விருது பெற்றுத் தந்தது.

நாகர்கோவில் திரைக்குத் தந்த இன்னொருவர் விஜய் ஆண்டனி. இங்கே 1975 இல் பிறந்தவர். ஒலிப்பதிவுக் கூடம், விளம்பர இசை, சின்னத்திரைத் தலைப்புப் பாடல்கள் என்று நடந்து, 2005 இல் சுக்ரன் வழியாகப் படத்துக்கு வந்தார். காதலிக்க நேரமில்லை தொடரின் தலைப்புப் பாடல் தொடரையும் தாண்டி நின்றது. அவர் பள்ளி மகாதேவனுடையதற்கு நேர் எதிர். அவரிடம் தாளமும் ஒலியின் நிறமும் முந்தி நிற்கும், பொருளற்ற அசைகள்கூடப் பாட்டாகிவிடும். 2008 இல் காதலில் விழுந்தேன் படத்தில் வந்த அவருடைய குத்துப் பாட்டு ஒரு நாளிதழின் சென்னைப் பதிப்பு விளம்பரத்துக்குப் போய், அந்த விளம்பரம் கான் விளம்பர விழா வரை பேசப்பட்டது. எனக்கு மகாதேவன் வழியே உயர்ந்தது. ஆனாலும் தெருவின் உடம்பசைவை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த தாளத்தைத் தரக்குறைவு என்று நான் ஒதுக்க மாட்டேன். கொடைவிழா முரசுக்கு எழுந்து ஆடிய ஊர் இது.

விளையாட்டு இசையில் தமிழர் கால் வைத்தது அண்மையில்தான். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் வெண்பா என்ற விளையாட்டு 2023 இல் வந்தது, அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாப்டா விருது பெற்றது. சமைக்கும்போது வானொலியில் பாட்டு வரும். காலம் மாற மாற, அந்தந்தக் காலத் திரையிசையின் பாணியில் புதிதாகச் செய்த பாட்டுகளாக அவை மாறும். பாணியைப் படித்து, நகலெடுக்காமல் அதே மணத்தில் புதிதாகச் செய்வது லேசான வேலை அல்ல. 2020 இல் புணேயிலிருந்து வந்த ராஜி விளையாட்டு நம் புராணத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு இசை அமைத்தவர் லினோஸ் ட்செலோஸ் என்ற கிரேக்கர். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நம் பிள்ளைகள் அந்த நாற்காலிக்கு ஏன் போகவில்லை என்ற ஏக்கம் மட்டும் உண்டு.

இன்று மடிக்கணினியில் இசையமைக்கும் இளைஞர் செண்டை வேண்டும் என்றால் செண்டையும், ஆப்பிரிக்க முரசு வேண்டும் என்றால் அதையும் ஒரு தட்டில் எடுத்துவிடுகிறார். வில்லுக் குடம் தேவைப்பட்டால் கடத்தின் ஒலியை வைத்து ஒப்பேற்றுகிறார். இரண்டும் ஒன்றல்ல. பத்தி குடத்தின் வாயை மூடும்போது எழும் அடித்தொனி கடத்தில் வராது. மணி குலுங்கும் வில்லின் அதிர்வு குடத்துக்குள் இறங்கிக் கலப்பதும் வராது. அதனால்தான் படங்களில் வரும் வில்லுப்பாட்டுக் காட்சி பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. நம் மாவட்டத்தில் நல்ல அண்ணாவிகளும் குடக்காரர்களும் இன்னும் கொடைகளில் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்து உட்காரவைத்து, குடத்தில் மெல்லடி, வல்லடி, மூடியடி, திறந்தடி என்று ஒவ்வொன்றையும், வீசுகோலையும் உடுக்கையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பதிவுசெய்து, வாசித்தவர் பெயரோடு இளம் இசையமைப்பாளர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவு தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அடுத்த கொடைக்காலம் தொடங்குவதற்குள் இதை ஆரம்பித்துவிடலாம்.