‘பிங்க் ஃபிளாக்’ முதல் ‘கலா’ வரை

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவருடைய அரசியலைப் பற்றியது. தந்தை எந்த இயக்கத்தில் இருந்தார், மகள் எந்த மேடையில் என்ன சொன்னார், யார் கோபப்பட்டார்கள் என்றே பேச்சு போகும். அவருடைய பாட்டு எப்படிச் செய்யப்பட்டது, அதற்கு முன்னோர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். அந்த இசைக்குத் தெளிவான ஒரு வம்சாவளி இருக்கிறது. அதன் ஒரு வேர் 1977 இல் லண்டனில், ‘வயர்’ என்ற நால்வர் குழுவில் இருக்கிறது.

வயர் 1976 இல் உருவானது. கொலின் நியூமன், கிரஹாம் லூயிஸ், புரூஸ் கில்பர்ட், ரொபர்ட் கோட்டோபெட் ஆகிய நால்வரும் இசைக் கல்லூரியில் தேறியவர்கள் அல்லர். குழுவுக்கு ஓவியக் கல்லூரிச் சூழலின் வாசனைதான் அதிகம். அடுத்த ஆண்டே ‘பிங்க் ஃபிளாக்’ இசைத்தட்டு வந்தது. ஏறக்குறைய 35 நிமிடத்தில் 21 பாட்டு. பங்க் இசையின் வேகமும் கோபமும் அதில் உண்டு. ஆனால் பங்க் கைவிடாத பழைய றொக் பழக்கங்களையும் இவர்கள் கைவிட்டார்கள். கிற்றார்க்காரர் தன் வித்தையைக் காட்டும் தனிவாசிப்பு கிடையாது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக் கேட்பவரை மயக்கும் வேலையும் இல்லை. வரிகள் தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. 

‘த்ரீ கேர்ள் ரும்பா’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கிற்றார் வெட்டி வெட்டி அடிக்கிறது, நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. அடிக்கும் இடத்தைவிட நிற்கும் இடம்தான் காதில் தங்குகிறது. பறையிலும் றபானிலும் ஊறிய செவிக்கு இது உடனே பிடிபடும். கையை எப்போது எடுப்பது என்று தெரிந்தவனே நல்ல அடிகாரன்.

இந்தச் சிக்கனத்தோடு இன்னொரு காரியமும் அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது. மஞ்செஸ்டரின் ‘பஸ்கொக்ஸ்’ குழு 1977 ஜனவரியில் ஏறத்தாழ 500 பவுண் கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று உறையிலேயே அச்சிட்டார்கள். மறு ஆண்டு ‘ஸ்க்ரிட்டி பொலிட்டி’ குழு ஒரு படி மேலே போய், ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, தட்டு அடிக்க எவ்வளவு என்று செலவுக் கணக்கை உறையிலே போட்டது. லண்டனில் ‘றஃப் ட்ரேட்’ கடை இப்படிப்பட்ட தட்டுகளை விற்றது, பிறகு தானே வெளியிடவும் தொடங்கியது. சுயாதீன இசையை ‘இண்டி’ என்று பின்னால் உலகம் சொல்லிப் பழகியது இந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்துதான் பிறந்தது. வயர் வெளிவந்ததோ பெரிய ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ‘ஹார்வெஸ்ட்’ பெயரில். ஆகவே இண்டி உலகுக்கு வயர் கொடுத்தது வியாபார வழியை அல்ல, பாட்டுக் கட்டும் வழியை.

அந்த வழி அமெரிக்காவுக்குப் போனது. கலிஃபோர்னியாவின் ‘மினிட்மென்’ குட்டிக் குட்டிப் பாட்டுகளாகவே தட்டுகளை நிரப்பியது. அந்தத் தைரியம் வயரைக் கேட்டு வந்தது என்பதை அவர்கள் மறைத்ததில்லை. வாஷிங்டனின் ‘மைனர் த்ரெட்’ வயரின் பாட்டொன்றைத் தானும் பாடியது. ஆர்.ஈ.எம். 1987 இல் ‘டொக்யுமென்ட்’ தொகுப்பில் வயரின் ‘ஸ்ட்ரேஞ்ச்’ பாட்டைச் சேர்த்தது. அதே ஆண்டு வயர் அமெரிக்கப் பயணம் போனபோது, பழைய பாட்டுகளைத் தாங்கள் பாட மாட்டோம் என்றிருந்தார்கள். ‘பிங்க் ஃபிளாக்’ தொகுப்பை முழுதாக வாசிக்க ‘எக்ஸ் லயன் டேமர்ஸ்’ என்ற ரசிகர் குழு ஒன்றையே முன்னால் மேடையேற்றினார்கள். தன் புகழைத் தானே உண்டு வாழ மறுத்த கலைஞர்கள் இவர்கள். எனக்கு இவர்கள்மேல் மதிப்பு கூடியது இந்தச் செய்தியை அறிந்த பிறகுதான்.

1990களின் நடுவில் பிரித்தானியாவில் ‘எலாஸ்டிகா’ குழு எழுந்தது. தலைமை ஜஸ்டின் ஃபிரிஷ்மன். அவர்களுடைய ‘கனெக்‌ஷன்’ பாட்டின் தொடக்கத்தைக் கேட்டவர்கள் ‘த்ரீ கேர்ள் ரும்பா’வை அடையாளம் கண்டார்கள். வயர் தரப்பு வழக்குக்குப் போனது. வேறொரு பாட்டுக்காக ‘ஸ்ட்ராங்லர்ஸ்’ தரப்பும் போனது. இரண்டும் நீதிமன்றத்துக்கு வெளியே 1995 இல் பணத்தோடு தீர்ந்தன. எடுத்ததற்கு விலை கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எலாஸ்டிகா எடுத்ததால்தான் ஒரு புதிய தலைமுறை வயரைத் தேடிப் போய்க் கேட்டது என்பதும் உண்மை.

இங்கேதான் நம் பிள்ளை உள்ளே வருகிறார். 1975 இல் லண்டனில் பிறந்து, குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போருக்குள் வளர்ந்து, 1986 இல் தாயோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர் மாதங்கி. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். எலாஸ்டிகாவின் இரண்டாவது தொகுப்பான ‘தி மெனஸ்’ 2000 இல் வந்தபோது அதன் உறைக்கான கலைவேலையைச் செய்தவர் அவர். குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கவும் கூடப் போனார். அந்தப் பயணத்தில் உடன் வந்த ‘பீச்சஸ்’ என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக் கருவியை அவருக்குக் காட்டினார். சங்கீதம் படிக்காத பெண், கையில் ஒரே ஒரு பெட்டி. 1977 இல் வயர் நின்ற இடத்தில்தான் இவரும் நின்றார்.

அந்தப் பெட்டியில் இருந்து வளர்ந்தது ‘கலாங்’. 2003 இல் 500 தட்டுகள் மட்டுமே அடித்து வெளியிட்டார்கள். பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் பெயரும் இருக்கிறது. வயரின் அடியைக் கடன்வாங்கியவர், அடுத்தவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். ‘கலாங்’ பாட்டில் வயரின் சாயலைக் காட்டும் கிற்றார் எதுவும் இல்லை. ஆனால் மொட்டையான தாளம், வேண்டுமென்றே விட்ட வெற்றிடம், அலங்காரமில்லாத குரல் எல்லாம் இருக்கின்றன. ஒரு குழுவின் செல்வாக்கு ஓசையாகத்தான் இறங்க வேண்டும் என்பதில்லை, முறையாகவும் இறங்கும்.

2005 இல் தந்தையின் பெயரில் ‘அருளர்’, 2007 இல் தாயின் பெயரில் ‘கலா’ என இரண்டு தொகுப்புகள் வந்தன. இரண்டாவதில், பங்க் இசையை அடுத்து எழுந்த போஸ்ட்-பங்க் பரம்பரை வெளிப்படையாகவே தெரிகிறது. ‘ட்வென்டி டொலர்’ பாட்டின் அடியில் ‘நியூ ஓர்டர்’ குழுவின் ‘புளூ மண்டே’ ஓடுகிறது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் முதுகெலும்பு ‘தி கிளாஷ்’ 1982 இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. கிளாஷின் பாட்டு, குடியேறி வந்தோரையும் வியட்நாம் போர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றியது. மாதங்கியின் பாட்டு, அமெரிக்க விசாவுக்கு அலைக்கழிந்த காலத்தில் பிறந்தது. அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற எவருக்கும் அந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை.

அதே தொகுப்பின் ‘பேர்ட் ஃபுளூ’ பாட்டில் உறுமி முழங்குகிறது. சென்னையில் பதிவான ஓசை. உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றை வளைந்த குச்சியால் தேய்த்தால் முனகும், மற்றதை அடித்தால் அதிரும். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்ட அந்த முனகலை மேற்கத்திய நடனக்கூடத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். மெருகூட்டவில்லை, வயலின் சேர்த்து இனிமையாக்கவில்லை. பாட்டு வெளிவந்தது 2006 இல். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் இலங்கையின் கிழக்கே கொட்டியாரக் குடாவை ஒட்டிய எங்கள் பக்கத்தில், மூதூரிலும் தோப்பூரிலும் இருந்த சனங்கள் ஷெல்லுக்குத் தப்பிக் கந்தளாய்க்கு ஓடினார்கள். பாட்டு அவர்களைப் பற்றியதல்ல. ஆனால் உலகச் செய்தியில் இரண்டு வரிக்குமேல் இடம் கிடைக்காத இந்தத் தீவின் கலவரத்தை, இசையின் பக்கமிருந்து உலகத்தின் காதில் அடித்துச் சொன்ன ஓசைகளில் அது ஒன்று. 2010 இல் ‘போர்ன் ஃபிரீ’ பாட்டுக்கு நியூயோர்க்கின் ‘சூசைட்’ இருவர் குழு 1977 இல் செய்த ‘கோஸ்ட் ரைடர்’ அடித்தளமானது. ஆண்டைக் கவனியுங்கள், மறுபடியும் 1977.

தமிழ்நாட்டில் இந்த மரபைத் தேடுவோர் சென்னையின் ‘தி எஃப்16ஸ்’ குழுவைக் காட்டுவார்கள். நல்ல குழு, ஆங்கிலத்தில் பாடுகிறது, அதன் கிற்றாரில் போஸ்ட்-பங்க் வழிவந்த நடன இசையின் சாயல் கேட்கிறது. ஆனால் அந்த மரபின் உள்ளுயிர், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியும் தென்மாவின் இசையும் சேர, கானாவும் பறையும் றொக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இவர்கள் வயரிடம் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வட சென்னையே பள்ளிக்கூடம். நம் பக்கத்திலும் திருகோணமலையின் பரமேஸ்–கோணேஸ் இணை, சினிமாவை நம்பாமல் சொந்தப் பாட்டை இசைத்தட்டாக்கிய காலம் ஒன்று இருந்தது. ஈழத்துப் பொப்பிசையின் அந்தத் துணிச்சலை இண்டி வரலாற்றில் சேர்க்காமல் எழுதுவது நியாயமில்லை.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஒன்றரை நிமிடப் பாட்டின் சில அடிகளுக்காக வயருக்குப் பணம் வந்தது, அவர்களுடைய பெயரும் வரலாற்றில் நின்றது. ‘பேர்ட் ஃபுளூ’வைப் பாராட்டிய விமர்சகர்களில் உறுமி அடித்தவர் யார் என்று கேட்டவர்களை நான் அநேகமாகக் கண்டதில்லை. கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் களிகம்பு ஆட்டத்துக்கு அண்ணாவிமார் இருக்கிறார்கள், றபான் அடிப்போர் இருக்கிறார்கள். நாளை இவர்களுடைய அடியும் எங்கோ ஒரு பாட்டில் ஒலிக்கலாம். தோப்பூர்ப் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: கையிலுள்ள கைபேசியில் அவர்களை ஒலிப்பதிவு செய்யுங்கள், ஸ்க்ரிட்டி பொலிட்டி செலவுக் கணக்கை எழுதியதுபோல அடித்தவரின் பெயரையும் ஊரையும் திகதியையும் பதிவோடு எழுதி வையுங்கள்.