தண்டனையா? பரிகாரமா?

காவியத்தைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தை அலசி ஆராய்கிறோம். நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மட்டும் கைகூப்பி நின்றுவிடுகிறோம். "அது சட்டம், நமக்கென்ன தெரியும்!" என்கிறோம். இதே சொல்லைத்தான் நம் பாட்டனும் சொன்னான்: "அது வேதம், நமக்கென்ன தெரியும்!" மனிதன் எழுதியது எதுவாயினும் மனிதன் ஆராயத் தக்கதே. அந்தத் துணிவோடு, தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரைப் பற்றி 1978 அக்டோபரில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எடுத்துக்கொள்வோம்.

கதை சிறியது, கொடுமை பெரியது. காது கேளாத எழுபது வயது முதியவர் ஒருவர், அவருடைய மனைவி. கையில் இரண்டு புரோநோட்டுகள். ஒன்று 15,000 ரூபாய்க்கு, மற்றொன்று 5,000 ரூபாய்க்கு. வசூலிக்க வழக்குப் போடும்படி வக்கீலிடம் ஒப்படைத்தார்கள். அவர் வழக்கே போடவில்லை. ஆனால் போட்டாயிற்று என்றார். பிறகு டிக்ரியும் ஆகிவிட்டது என்றார்! முதியவர் நம்பினார். நோட்டுகளுக்குரிய காலவரம்பு கடந்துபோயிற்று. எதிரி ஏமாற்றியிருந்தால் வக்கீலிடம் ஓடலாம். வக்கீலே ஏமாற்றினால் எங்கே ஓடுவது?

ஓடினார்கள், பார் கவுன்சிலுக்கு. தமிழ்நாடு பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, குற்றம் மெய்ப்பட்டது என்று கண்டு, 1975 இல் ஆறாண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. அப்பீல் சென்றது. குற்றம் மெய்யே என்று இந்தியப் பார் கவுன்சிலும் சொன்னது. ஆனால் ஆறாண்டை ஓராண்டாக்கியது. குற்றம் தேயவில்லை, தண்டனை மட்டும் தேய்ந்தது! பிறகு உச்சநீதிமன்றம்.

அங்கே தீர்ப்பெழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957 இல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர். ஏழையின் கண்ணீரைச் சட்டத்தின் ஏட்டில் ஏற்றியவர். அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் மதிப்புக்குரியவர் சொன்னார் என்பதற்காக மதியை அடகு வைப்பது நம் பழக்கமுமன்று. அவர் கருத்து இது: தண்டனை பழிவாங்குவதாக மட்டும் இருக்கலாகாது, குற்றவாளியைத் திருத்தவும் வேண்டும், சமுதாயத்துக்குப் பயன்படவும் வேண்டும். ஆகவே, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுத்து, ஓராண்டுக் காலம் அரசின் சட்ட உதவித் திட்டத்தில் ஏழைகளுக்காக உழைக்க அந்த வழக்கறிஞர் உறுதி தந்தால், அவர் மீண்டும் தொழிலுக்குத் திரும்பலாம்.

கருணை மிகுந்த தீர்ப்பு! ஆனால் ஒரு கேள்வி. ஏழையை ஏமாற்றியவனுக்குத் தண்டனை, ஏழைக்கு வக்கீலாக இருப்பதா? பணக்காரன் தன் வழக்குக்குத் தேர்ந்த வக்கீலை நாடுவான். பணமில்லாதவனுக்கு, தண்டனை பெற்ற வக்கீலா? திருந்துகிறாரா என்று உரசிப் பார்க்க ஏழை என்ன உரைகல்லா?

இது தண்டனையன்று, பரிகாரம். எங்கள் சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டால் பிணி தீரும் என்று நம்பி வரும் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கிறோம். பரிகாரத்தின் இலக்கணமே இதுதான்: செய்தவன் மனம் ஆறுதல் அடையும், இழந்தவன் இழந்தவனாகவே இருப்பான். பார்ப்பனனுக்குத் தலையை மழித்தால் போதும், அது உயிர்த்தண்டனைக்கு ஈடாகும் என்று மனு எழுதியதும் இந்த இலக்கணப்படிதான்! அமர்வில் இருந்த நீதிபதி ஏ.பி. சென், இப்படி ஓர் ஆணை இடலாமா, இடத் தகுமா என்று தம் ஐயத்தைத் தனியே எழுதிவைத்தார். அந்த ஐயம் நமக்கும் உண்டு.

ஆயினும் தீர்ப்பின் நல்ல பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், 35 ஆம் பிரிவில் மூன்று தண்டனைகளைச் சொல்கிறது: கண்டித்தல், தொழிலினின்று நிறுத்திவைத்தல், பட்டியலிலிருந்து பெயரை நீக்கல். மூன்றும் வழக்கறிஞரைப் பற்றியவை. இழந்த கட்சிக்காரருக்கு இழப்பீடு? அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது! கிருஷ்ணய்யர் வாங்கித் தந்த 2,500 ரூபாய், 20,000 ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. சிறு தொகைதான்; ஆனால் சட்டம் மறந்துவிட்ட மனிதரை அவர் நினைத்தார். பிழை அவரிடம் குறைவு, சட்டத்திடம் மிகுதி.

அப்படியானால் ஒழுங்கு நடவடிக்கையை அரசிடமோ நீதிபதியிடமோ ஒப்படைத்துவிடலாமா? கூடாது! காரணம் வேண்டுமா? நம் நெல்லைச் சீமையின் வ.உ.சிதம்பரனாரைக் கேளுங்கள். 1908 ஜூலை 7 அன்று பின்ஹே என்னும் வெள்ளைக்கார நீதிபதி அவருக்கு அரசத்துரோகத் தண்டனை விதித்தார். வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. 1912 இல் விடுதலையான பிறகும் வாதாட வழியில்லை. கப்பல் ஓட்டிய கை சென்னையில் கடைத் தராசு பிடித்தது. ஆண்டுகள் பல கழிந்து, வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். சிதம்பரனார் எந்தக் கட்சிக்காரரை ஏமாற்றினார்? ஆள்வோரை எதிர்த்தார், அவ்வளவே!

ஆகவேதான், வழக்கறிஞரைத் தானே தடைசெய்யும் அதிகாரத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 இல் விதி திருத்தி எடுத்துக்கொண்டபோது வழக்கறிஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதென்று அறிவித்தது. நன்று, நாமும் வரவேற்கிறோம். ஆனால் சுயாட்சி கேட்போர் ஒன்றை மறக்கலாகாது: சுயாட்சி வேறு, சாதிப் பஞ்சாயத்து வேறு. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூவர் அமர்கின்றனர், மூவரும் வழக்கறிஞர்கள்! குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞர், விசாரிப்பவர் வழக்கறிஞர், அப்பீல் கேட்பவரும் வழக்கறிஞர். முறையிட்டவர் மட்டும் தறிக்காரர், அல்லது உழவர். சங்கரன்கோவிலிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து சென்னைப் பார் கவுன்சிலை நாடும் அவருக்கு, அந்த அறையில் தம்மைப் போன்ற ஒரு முகமாவது தென்பட வேண்டாமா? இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் மன்றத்தில் அத்தொழில் சாராத ஒருவரும் அமர்கிறார். அங்கே வழக்கறிஞர் சுதந்திரம் செத்துவிடவில்லை.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சியிருப்பது, வக்கீல் மீது வழக்குப் போட இன்னொரு வக்கீலைத் தேடுவது!

ஆகவே நாம் கேட்பது மூன்று. குழுவில் தொழில் சாராத ஒருவர் அமர வேண்டும். இழப்பீடு வழங்கும் அதிகாரம் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். முறையீடும் விசாரணையும் முறையிடுபவரின் தாய்மொழியில் நடக்க வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை? தோழர்களே, படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். வக்காலத்தில் கையெழுத்திட்டவர் வந்தால், "வழக்கு எண் என்ன?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லலாம். பீசுக்கு ரசீது கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான வக்கீல் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரைப் பற்றி அப்போதே தெரிந்துகொள்ளலாம். அந்த முதியவருக்குக் காது கேட்கவில்லை. நமக்குக் கேட்கிறது, கேள்வியும் கேட்க வேண்டும்!