ஒரு தரம், ரெண்டு தரம், நம்ம வண்டி!

நாகர்கோவில் பக்கம் யாராவது பழைய பைக் வாங்கப் போகிறேன் என்றால், நான் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துச் சொல்வது ஒன்றுதான்: தரகரை விடுங்க, போலீஸ் ஏலத்துக்குப் போங்க! என் ஸ்பிளெண்டர் அங்கே கிடைத்ததுதான். டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் நான் இதையே பேசிப் பேசி, கேட்டவர்கள் சலித்துப்போனார்கள். எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

பழைய வண்டிக் கடையில் என்ன நடக்கும்? "ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டினது, மழையே படலை" என்பார்கள். ஏல மைதானத்தில் இந்தக் கதை ஒன்றும் கிடையாது. வண்டி எப்படி இருக்கிறதோ அப்படியே விற்பனை. துடைப்பதில்லை, பாலிஷ் போடுவதில்லை, புகழ்வதுமில்லை. டேங்கில் துரு இருந்தால் துரு உங்கள் கண்ணுக்குத் தெரியும். விலையைப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகச் சொல்கிறார்கள். இவ்வளவு நேர்மையான வண்டி வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு வண்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். பெரும்பாலானவை மதுவிலக்கு வழக்கில் மாட்டியவை. சாராயமோ, கள்ளத்தனமாக விற்கும் டாஸ்மாக் பாட்டிலோ கொண்டுபோன வண்டியை 1937-ஆம் வருடத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் அரசுடைமை ஆக்கலாம். நம்ம மாவட்டம் எல்லை மாவட்டம் என்பதால் இன்னொரு வகையும் உண்டு. ரேஷன் அரிசியைக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குக் கடத்திப் பிடிபட்ட வண்டிகள், 1955-ஆம் வருட அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் சிக்கியவை. இவை போக, உரிமை கோரி யாருமே வராமல் ஸ்டேஷன் வாசலில் நின்றவை.

அப்படி நிற்கவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பிடித்த பொருளைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, வண்டியைத் திரும்பப் பெற யாரும் வராவிட்டால் ஏலம் விடலாம் என்று தீர்ப்பு. ஆனாலும் எத்தனையோ வண்டிகள் வருடக்கணக்கில் வெயிலில் காய்கின்றன. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றில் உப்பும் உண்டு. இரும்பு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே சமீபத்தில் பிடிபட்ட வண்டியாகத் தேடுங்கள். பாதி வெற்றி அதில் இருக்கிறது.

அறிவிப்பு பத்திரிகையில் வரும். ஏலத்துக்கு முன்பே வண்டிகளைப் பார்வையிட நேரம் கொடுப்பார்கள். மறவன்குடியிருப்பு ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, தோவாளைச் சந்தையில் அதிகாலையில் பிச்சிப்பூக் குவியலைப் பார்ப்பது மாதிரி! ஸ்பிளெண்டர், பல்சர், எக்ஸெல், ஆட்டோ, ஆம்னி. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதலில் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் தெளிவாகத் தெரிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தான். கிக்கரைக் கையால் அமுக்கி, எஞ்சின் இறுகாமல் சுற்றுகிறதா என்று பார்த்தான். பேட்டரி செத்திருக்கும், டயர் வெடித்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும். அதெல்லாம் அவனுக்குக் கணக்கே இல்லை. ஃபோர்க் வளையக் கூடாது, எஞ்சின் இறுகக் கூடாது, அவ்வளவுதான். கடைசியில் என் காதருகே வந்து, "மக்கா, சாதனம் கொள்ளாம். ஆனா மூஞ்சில காட்டிராத, கேட்டியா" என்றான்.

ஏலத்தன்று ஆதார் நகலைக் கொடுத்து, முன்பணம் கட்டி, டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். வண்டி கிடைக்காதவர்களுக்கு முன்பணம் திரும்ப வந்துவிடும். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் போட்டியெல்லாம் ஓட்டுவதற்காக வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்குள்தான். என் வண்டி வந்தது. ஐந்நூறு ஐந்நூறாக ஏறியது. எதிரில் ஒரு பெரியவர் விடவே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. "பதினேழாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம்..." மூன்றாவது தரம் காதில் விழுந்தபோது என் கூட்டாளி முதுகில் ஒரு போடு போட்டான் பாருங்கள், இன்றைக்கும் இனிக்கிறது!

அதே மாதிரி வண்டிக்குக் கடையில் நாற்பதாயிரம் கேட்டிருந்தார்கள். ஏலத்தொகையோடு ஜி.எஸ்.டி. சேர்த்துக் கட்டினேன். கார்புரேட்டரைக் கழுவி, பேட்டரி, டயர், செயின் செட், வயரிங் எல்லாம் மாற்றியும் அந்த நாற்பதை நெருங்கவில்லை.

காகிதம்தான் எல்லாருக்கும் பயம். அதற்கும் வழி சுத்தமாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57-ஆவது விதி, அரசு ஏலத்தில் வண்டி எடுத்தவர்களுக்கென்றே உள்ளது. வண்டி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் படிவம் 32-ஐ, ஏலம் எடுத்ததற்கான சான்று, ஏலத்துக்கு அனுமதி கொடுத்த ஆணையின் நகல் ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நம்பர் பிளேட் போலி என்று தெரிந்தால்கூட அந்த விதியிலேயே புது நம்பர் வாங்க வழி இருக்கிறது. ஆகவே மைதானத்தைவிட்டு வெளியே வரும்போது வண்டியைவிட அந்தக் காகிதங்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்குப் போகுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். நம்பரை வைத்துப் பரிவாகன் தளத்தில் கடன், அபராதம், பதிவு முடியும் தேதி பாருங்கள்; பதினைந்து வருடத்தைத் தொட்ட வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவு தனி. கழிவு என்று போட்டு விற்பதைத் தொடாதீர்கள். அது ஆக்கர் கடைக்கு. எவ்வளவு வரை கேட்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போனால் ஆவேசம் வந்துவிடும்.

இப்போது என் ஸ்பிளெண்டர் பூதப்பாண்டிக்கும் பேச்சிப்பாறைக்கும் சளைக்காமல் ஏறுகிறது. பின்னால் இரண்டு மட்டி வாழைக்குலையைக் கட்டினாலும் முனகுவதில்லை.

அடுத்த அறிவிப்பு வந்ததும் ஆதாரை எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள், நானும் இருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள்: தம்பிக்கு ஒரு எக்ஸெல் பார்க்கிறேன், அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்!